இருபது தெத்ரி

முதலில் பல் என்றுதான் நினைத்தேன்.
இடது கீழ்த்தாடை, கடைசிக்கு முந்திய பல்.
மாடியேறினால் வலிக்கும், உட்கார்ந்தால் நிற்கும்.
பல்லுக்கு ஏது மாடி என்று
நானும் கேட்கவில்லை,
பிடுங்கியவனும் கேட்கவில்லை.
நல்ல பல். ஒரு பொட்டுச் சொத்தை இல்லை.
காகிதத்தில் மடித்துக் கொடுத்தான்.

பல் இருந்த இடம்
பல் போன பிறகும் வலித்தபோதுதான்
மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள்.

திபிலிசியில், வாசிசுபானியில்,
எங்கள் கட்டடத்து லிப்ட் காசு கேட்கும்.
இருபது தெத்ரி போட்டால் ஒன்பதாம் தளம்.
போடாவிட்டால் நூற்று நாற்பத்து நான்கு படி.
கோட்டின் வலது பையில் காசு,
அதே பையில் நாக்கடி மாத்திரை.
பிப்ரவரியில் ஓர் இரவு
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே மின்சாரம் போனது.
தாடை இறுகிக்கொண்டு வந்தது.
கைக்கு அகப்பட்டதை நாக்குக்கு அடியில் வைத்தேன்.
கரையவில்லை.
காசு.
எத்தனை பேர் விரல் பட்டதோ, அத்தனை ருசியும் அதில்.
துப்பிவிட்டுச் சிரித்தேன்.
சிரித்ததற்கும் வலித்தது.

மருத்துவர் எலிசோ ரசீதின் பின்பக்கம் படம் போட்டார்.
மாத்திரையைக் கூட்டலாம்,
கூடவே வரும் தலைவலியோடு பழகிக்கொள்ள வேண்டும்.
இல்லை, மணிக்கட்டு வழியே கம்பி விட்டு
உள்ளே ஒரு ஸ்டென்ட் வைக்கலாம்.
அதுவும் இல்லை என்றால் மார்பைத் திறந்து,
காலிலிருந்து குழாய் எடுத்து ஒட்டுப்போடலாம்.
"எது ஆயுளைக் கூட்டும்?"
பேனாவை மூடினார். நேர்மையான பெண்.
"உங்களுக்கு இருக்கும் அடைப்புக்கு
ஸ்டென்ட் வலியைக் குறைக்கும்.
ஆயுளுக்கு என்னால் சத்தியம் செய்ய முடியாது."

சந்தையில் முப்பத்தொரு வருஷமாக அக்ரூட் விற்கிறேன்.
ஒரு பிடி அள்ளினால் எத்தனை கிராம் என்று
தராசுக்கு முன்னால் கை சொல்லிவிடும்.
ஓட்டைத் தட்டினால்
உள்ளே சொத்தையா என்று காது சொல்லும்.
என் கூட்டைத் தட்டிச் சொல்ல மட்டும்
இன்னொருத்தி வேண்டியிருக்கிறது.

நான்காம் தளத்து குலிகோ
பாவாடையைத் தூக்கித் தழும்பு காட்டுகிறாள்,
கணுக்காலிலிருந்து தொடை வரை.
"மூன்று மாதம் தும்மப் பயந்தேன். இப்போது பார்!"
பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள்.
ஸ்டென்ட் வைத்த சம்சோனி
அடுத்த வாரமே சிகரெட்டுக்குத் திரும்பினான்.
அவனும் நன்றாக இருக்கிறான்,
அதுதான் எரிச்சல்.

பாரியிலிருந்து நெஸ்தான் அழைக்கிறாள்.
"அறுத்துப் போட்டுவிடு அம்மா, பணம் அனுப்புகிறேன்."
பின்னால் அந்த இத்தாலியக் கிழவி
பெயரைத் தப்பாகக் கூப்பிடுகிறாள்.
இவள் ஓடுகிறாள்.
அந்தக் கிழவி எந்த வேளைக்கு
எந்த மாத்திரை விழுங்குவாள் என்பது
என் மகளுக்கு மனப்பாடம்.

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன்.
ஆனால் நான் கேட்க நினைத்தது வேறு:
ஐம்பது கிலோ மூட்டையை இனி நானே தள்ளலாமா?
கூலிக்கு வைத்த பையன் எடையில் கைவைக்கிறான்.
இன்னொன்றும் உண்டு, அதை எலிசோவிடம் கேட்க வெட்கம்.
வலி போய்விட்டால்
உட்கார் என்று எனக்கு யார் சொல்வது?
பிள்ளை பெற்றபோதுகூட
நான் இவ்வளவு உட்கார்ந்ததில்லை.

இன்று பையில் நோட்டுதான், சில்லறை இல்லை.
அறுபத்தோராம் படியில் வந்தது,
சொல்லி வைத்த மாதிரி.
உட்கார்ந்தேன்.
மாத்திரைதானா என்று விரலால் இரண்டுமுறை பார்த்து
நாக்குக்கு அடியில் வைத்தேன்.
ரசீதை விரித்தால்
மூன்று வழிக்கும் மேலே அக்ரூட் விலை எழுதியிருக்கிறேன்.
வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியாயிற்று.
எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்
லிப்ட் முனகிக்கொண்டு மேலே போகிறது.
யாரோ காசு போட்டிருக்கிறார்கள்.