தேக்கரண்டிக் கணக்கு

எங்கள் வீட்டில் பேய் கிடையாது.
இருந்தால் அதற்குத் தேக்கரண்டி பிடிக்கும்.

கல்யாணத்துக்கு வந்தவை பன்னிரண்டு,
காம்பில் பொடியாய் ஒரு கார்னேஷன் பூ.
திராவா நதியில் மூட்டம் இறங்கிய நவம்பரில் பதினொன்று.
கிறிஸ்துமஸுக்கு ஒன்பது.
இவர் தங்கை மிலோய்கா வந்துபோன பிறகு ஏழு.
பழியை அவள்மேல் போட்டுப் பார்த்தோம்.
ஒட்டவில்லை.
அவள் காபியும் குடிப்பதில்லை, தேநீரும் குடிப்பதில்லை,
எங்கள் வீட்டில் சிரிப்பதும் இல்லை.

வோய்கோ ரயிலுக்குக் கால அட்டவணை போடுகிறவர்.
மாரிபோர் நிலையத்தில் ஒரு நிமிடம் தொலைந்தாலே
இவருக்கு மூன்று நாள் தூக்கம் தொலையும்.
குளிர்பெட்டிக் கதவில் தாள் ஒட்டினார்:
தேதி. எண்ணிக்கை. சந்தேக நபர்.
மூன்றாம் கட்டத்தில் எங்கள் ஆறு வயது காஷ்பர்
தன் பெயரையே எழுதிவைத்தான்,
கோணல் கோணலாய், கட்டத்தைத் தாண்டி.
அவனுக்கு எழுதத் தெரிந்த ஒரே பெயர் அது.

"துணி துவைக்கும் இயந்திரம் தின்றிருக்கும்."
"அது காலுறை தின்னும் அப்பா,
அதுவும் ஜோடியில் ஒன்றை மட்டும்.
கரண்டிக்கு ஏது ஜோடி?" என்றாள் நேஷா.
பத்து வயதில் என் மகள்
வக்கீல் மாதிரி பேசுகிறாள், பல் தேய்க்க மறக்கிறாள்.

ஞாயிறு மதியம். மாட்டிறைச்சி சூப்.
சூப் ஆறும்வரை இவர் வித்தை:
ஓர் எண்ணை நினை.
இரட்டி.
பத்தைக் கூட்டு.
பாதியாக்கு.
நினைத்ததைக் கழி.
"மீதி ஐந்து!"
நேஷாவுக்கு ஐந்து. எனக்கு ஐந்து.
காஷ்பருக்கு மட்டும் ஏழு.
"நீ என்னடா நினைத்தாய்?"
"கரண்டியை."

இனி வருவது உங்களுக்கு மட்டும்.
எல்லோரும் உறங்கிய பதினொரு மணிக்கு
விளக்குப் போடாமல், நின்றபடியே,
பிளாஸ்டிக் கிண்ணத்துத் தயிர் ஒன்றைக் காலி செய்வேன்.
கிண்ணம் மஞ்சள் குப்பைத் தொட்டிக்கு.
கரண்டி?
மார்ச் மாதத்தில் ஒரு நாள்தான்
தொட்டிக்குள் 'டிங்' என்று கேட்டது.
குனிந்து எடுத்தேன்.
நானே கள்ளி, நானே துப்பறிவாளி,
நாலு மாதமாய் நானே நீதிபதியும்.

சனிக்கிழமைப் பழம்பொருள் சந்தையில்
அதே பூ, அதே காம்பு.
வேண்டியது ஐந்து.
"கட்டைப் பிரிக்க மாட்டேன்" என்றார் கடைக்காரர்.
கட்டுக்கு ஆறு.

மறுநாள் இவர் எண்ணினார். மறுபடி எண்ணினார்.
மேசையில் வரிசையாய் அடுக்கி,
ரயில் பெட்டிகளைப்போல் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
பதின்மூன்று.
காணாமல் போனதைத் தேடலாம்,
கூடுதலாய் வந்ததை எங்கே போய்த் தேடுவது?
அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.
"குட்டி போட்டிருக்கு" என்றான் காஷ்பர்.

நேஷா சூப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்:
"அப்பா, உங்கள் வித்தை எனக்குத் தெரிந்துவிட்டது.
நாங்கள் எதை நினைத்தாலும் கடைசியில் கழிந்துபோகிறது.
நீங்கள் கூட்டுகிற பத்தில் பாதிதான் மிஞ்சுகிறது.
ஆக, விடை நினைக்கிறவரிடம் இல்லை.
கூட்டுகிறவரிடம்தான்."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.
நான் சூப்பைப் பார்த்தேன்.

எங்கள் மொழியில்
ஒன்றுக்கும் பலவற்றுக்கும் நடுவே
இரண்டுக்கென்று தனி இலக்கணம்.
இருவருக்கே உரிய ஒரு 'நாம்' உண்டு,
இருவரும் பெண்கள் என்றால் அதற்கும் வேறு உருவம்.
பாத்திரம் துடைக்கையில், ஈரக் கையோடு, காதோரம்,
"மித்வே" என்றாள் அவள்.
நாம் இரண்டு பேர் மட்டும்.

அன்றிரவு பதினொரு மணிக்குத் தயிர்
இரண்டு கிண்ணம்.
இருட்டில் சிரிப்பை அடக்குவதிலேயே
கவனம் போய்விட்டது போலும்.

திங்கட்கிழமை தாளில் இவர் எழுதியது:
பதினொன்று.
பக்கத்துக் கட்டத்தில் காஷ்பர்
நாக்கைத் துருத்திக்கொண்டு
மறுபடியும்
தன் பெயரை எழுதினான்.