எடைமேடை

பட்டர்வொர்த் துறைமுக வாசலில்
இருபத்திரண்டு வருஷமாக லோரி நிறுக்கிறேன்.
உள்ளே போகும்போது ஓர் எடை,
வெளியே வரும்போது ஓர் எடை,
கழித்தால் சரக்கு.
சரக்கு என்னவென்று மேடைக்குத் தெரியாது.
எனக்கும் தெரியவேண்டியதில்லை.

போன மாதம் என்னை நிறுத்தார்கள்.
பர்மா ரோட்டு கிளினிக், காலை எட்டு மணி, வெறும் வயிறு.
ஆறு புள்ளி எட்டு என்றது முதல் தாள்.
ஒரு தாளை நான் நம்புவதில்லை என்றார் டாக்டர் இயோ.
மூன்று வாரம் கழித்து இன்னொரு குழாய் இரத்தம்:
ஏழு புள்ளி ஒன்று.
"ரெண்டும் கம்மிதான் அங்கிள்" என்றாள் ஊசி குத்திய பெண்,
காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

எதற்குப் போனேன் என்று சொல்லவில்லையே.
ஒரு காலுறையைக் கழற்றியதுமே தூங்கிப்போகிறேன்.
ஒருநாள் டோல் சாவடியில் கார்டைத் தேடும்போது
சும்மா கண் கலங்கியது.
அப்புறம் அது.
அதைச் சொல்ல என் வீட்டில் நல்ல சொல் எதுவும் புழங்கியதில்லை.
விடிகாலையில் எனக்கு முன்னால் எழுந்துகொண்டிருந்த ஒன்று
எழாமல் போய் எட்டு மாதம்.
யாழரசி ஒருநாளும் கேட்கவில்லை.
அவள் கேட்காத இரவுகளில்
லோரி ஏறாத மேடையில் எரியும் பூச்சியம்
எனக்கு ஞாபகம் வரும்.

ஆசை திரும்பலாம், மனசு தெளியலாம்,
எலும்பு உறுதியாகலாம் என்றார் டாக்டர்.
தெம்பு?
அது எல்லாருக்கும் வருவதில்லை.
இரத்தம் கெட்டியாகலாம், அடிக்கடி பார்க்கணும்.
புரோஸ்டேட்டையும்.
குறட்டை உண்டா?
பக்கத்து வீட்டு லிம்மைக் கேளுங்கள் என்றேன்.
ஊசி என்றால் பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று.
களிம்பு என்றால் தினமும் தோளில்,
காயும்வரை யாரையும் கட்டிப்பிடிக்கக் கூடாது.
கட்டிப்பிடிக்கத்தானே டாக்டர் மருந்து?
அவர் சிரிக்கவில்லை.

செபராங் ஜெயா ஜிம்மில் தர்மசீலன்
டாக்டர் எல்லாம் எதற்கு என்கிறான்.
யாரோ அனுப்பும் சீசா, அவனே குத்திக்கொள்கிறான்.
"குதிரைடா நான்."
வெந்த நண்டு நிறத்தில் முகம்,
ரெண்டு மாடி ஏறினால் கைப்பிடியைத் தேடுகிறான்.
இருந்தும், பொறாமையாகத்தான் இருந்தது.

கையெழுத்துப் போடும் நேரத்தில்
கணினியைப் பார்த்தபடியே கேட்டார்:
குழந்தை வேணும்னு எண்ணம் இருக்கா?

வெளியிலிருந்து வரத் தொடங்கினால்
உடம்பு தன் கடையைச் சாத்திவிடுமாம்.
விந்து அற்றுப்போகலாம்.
மருந்தை நிறுத்தினால் திரும்ப மாசங்கள்,
சிலருக்கு வருஷம், சிலருக்கு அதுவும் நிச்சயமில்லை.
சாத்தாமல் தட்டி எழுப்பும் மாத்திரை இருக்கு,
அதற்கு வேறு டாக்டர்.
அதற்கு முன்னால் பத்துக் கிலோ இறக்குங்கள்.

எனக்கு ஐம்பது. நாற்பத்தைந்தில் தாலி கட்டினேன்.
யாழரசிக்கு முப்பத்தெட்டு.
அலமாரி மேல்தட்டில் பிரிக்காத பொட்டலம் ஒன்று,
தங்கை பிள்ளைக்கு என்று வாங்கினாள்,
பிள்ளைக்கு இப்போது நாலு வயது.

ஃபெரியில் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
ஆண்மையா பிள்ளையா என்று ஒத்திகை பார்த்தேன்.
சினிமா வசனம் மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

கெம்போங் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
சொன்னேன். எல்லாவற்றையும், அதையும், சொல் கிடைக்காமலே.
எவ்வளவு ஆகும் என்றாள்.
குறட்டை இன்னும் கூடுமா என்றாள்.
பிறகு கையைத் துடைத்துக்கொண்டு,
"மேல்தட்டு தூசி. நாற்காலியைப் பிடிங்க."

ஏறினாள்.
அறுபத்திரண்டு இருப்பாள்,
நாற்காலிக் கால் வழியே என் கைக்குத் தெரிந்தது.
பொட்டலத்தைத் தூக்கி, அடியில் துடைத்து,
இருந்த இடத்திலேயே வைத்தாள்.
இறங்கவில்லை.
ஒரு கை என் தலைமேல் இருந்தது,
விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை.

மீன் வாசம்.
நான் நாற்காலியை விடவில்லை.