எழுநூறு என்று எழுதிய தட்டு

தட்டின் முகத்தில் எழுநூறு என்று அச்சு.
வீடியோக்கார நெல்சன்
ஹார்ட்டிஸ்கில் விட்டுப்போன பிம்பமோ
எழுநூற்றுத் தொண்ணூற்றாறு.
தலவாக்கலை பஜாரில், கருவாட்டுக்கடை மேல்மாடியில்
மூன்று தரம் இழுத்துப் போட்டேன்.
மூன்று தரமும் இடமில்லை என்றது கணினி,
பஸ் கண்டக்டரைவிட மரியாதையாக.

வாங்கின் நுனியில் மருதவீரன்.
அரைப்பேரோடு மலையிறங்கி
மேல்கணக்கிலிருந்து வந்தவர்.
சட்டைப்பையில் குவைத் விலாசம்,
நாளை இரவு விமானமேறப்போகும்
ஏஜென்சிப் பிள்ளை ஒருத்தியின் நம்பர்.
பெண்சாதி அங்கே.
மகள் துஷ்யந்தினியின் சடங்கு
இங்கே, மழைக்குள், தகரத்தின் கீழ்
நடந்து முடிந்துவிட்டது.

எங்காவது கொஞ்சம் வெட்டலாமா அண்ணே, என்று
ஓடவிட்டுக் காட்டினேன்.
சங்கத் தலைவர் ஒன்பது நிமிடம் பேசுகிறார்,
மைக் அதில் பாதியைத் தின்றுவிடுகிறது.
சீர்த்தட்டுகளுக்குக் குறுக்கே
ஈரநாய் ஒன்று போகிறது, திரும்பி வருகிறது.
கரண்ட் போன இடத்தில் யாரோ டார்ச் அடிக்க
கருமைக்குள் ஒரு மூக்குத்தி, யாருடையதோ.

"அது எங்க நாத்தனா" என்றார்.
"வெட்டாதீங்க தம்பி.
மடுவத்துல கூடைக்கு ரெண்டு கிலோ வெட்டுறானுங்க,
சாக்குப் பாரமாம், தண்ணிப் பாரமாம்.
அங்க வெட்டுனதே போதும்."

தட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது
எழுநூறுக்குக் கீழே
எறும்பளவில் இன்னொரு வரி இருந்தது:
எண்பது நிமிடம்.

எழுநூறும் கழிவு போகச் சொன்ன நிறைதான்.
ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மூலையைப்
பிழை திருத்தவென்று பிடித்து வைத்திருக்கிறார்கள்.
செக்ரோலுக்கு அது வேண்டும்,
ஓர் எண் பிசகினால் ஒருத்தி சம்பளம் பிசகும்.
படத்துக்குத் தேவையில்லை.
ஒரு புள்ளி பிசகினால் கண் பொறுத்துக்கொள்ளும்.
அந்த மூலைக்குள்ளும் படமே குடியேறலாம்.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்,
அடுப்புக்கு ஒதுக்கிய இடத்தில்
அக்கா குடும்பத்தோடு வளர்ந்த எனக்கு
இது முன்னமே விளங்கியிருக்க வேண்டும்.

கோப்பாகத் தூக்கிப் போட்டால் கொள்ளாது.
பிம்பமாக எழுது என்றால் கொள்ளும்.
எழுபத்தெட்டு நிமிடம், ஐம்பத்தொரு வினாடி.
நாய்க்கும் இடமிருக்கிறது,
தலைவருக்கும்.

"ஒன்று சொல்லணும் அண்ணே.
கீறல் பட்டால் இதில் திருத்த ஆளில்லை."
அவர் கொஞ்சம் யோசித்தார்.
"அங்க அவ தொடைக்கிறதெல்லாம்
கண்ணாடிச் சாமான்தான்.
கீறாம வைப்பா."

நாலு மடங்கு வேகத்தில் எரிக்க விட்டேன்,
அவசரப்பட்டால் தட்டு கெடும்.
அவசரப்படாமலும் கெட்டது:
முப்பத்தோராவது நிமிடத்தில்
பஜார் முழுக்க இருண்டது.
கருவாட்டுக்கடையில் யாரோ வாழ்க்கையைத் திட்டினார்.
இருட்டுக்குள் இரண்டு பிளேன்டீ, ஒரே சீனிக்கட்டி.
மெழுகுதிரி தேடவில்லை.

வெளிச்சம் வந்ததும் புதுத் தட்டு.
இருபது நிமிடம் அவர் அந்த நீலக்கோட்டைவிட்டுக்
கண்ணெடுக்கவில்லை,
தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி.
முடிந்தது என்று மணியடித்தபோது
"சரியா நிறுத்துச்சா?" என்று கேட்டார்.
நிறுத்தது, என்றேன்.

ஒரு தட்டுக்குத்தான் காசு வாங்கினேன்.
கெட்ட தட்டையும் கேட்டு வாங்கிப் போனார்.

போன கிழமை பிரின்டர் திருத்த
அந்தப் பக்கம் ஏறினேன்.
தொங்கக் காம்பராவின் பின்னால்
போஞ்சிக் கொடிகளுக்கு மேலே
நூலில் சுழன்றுகொண்டிருந்தது அது.
வெளிவட்டம் வெயிலைக் குருவிகள் மேல் எறிகிறது.
உள்ளே, துவாரத்தைச் சுற்றி, கருத்த ஒரு வளையம்,
துஷ்யந்தினியை மணையில் உட்காரவைத்து
மஞ்சள் தண்ணீர்ச் செம்பைத் தூக்குகிற
இடம் வரைக்கும்.