இருநூற்று எண்பது

ஸ்கைலைன் காகிதத்தில் இருநூற்று எண்பது குதிரை.
சுப்ரா காகிதத்திலும் இருநூற்று எண்பது குதிரை.
கம்பெனிகள் கூடிப் பேசிவைத்த எண்.
அதற்கு மேல் எவனும் எழுதுவதில்லை என்று ஏற்பாடு.
எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

நாகஓகா ஊரில் இசோகாய்க்கும் நெமோதோவுக்கும்
இருபத்தாறு வருடமாக இதே வழக்கு.
"இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு சிசி" என்பான்
சுப்ராக்காரன் இசோகாய்,
கல்வெட்டில் வெட்டிய நன்கொடை மாதிரி
ஒரு சிசியும் விடாமல்.
"எனக்கு நாலு சக்கரமும் இழுக்கும்."
"டார்க் நாற்பத்து நாலு."
"எடை எண்பது கிலோ கம்மி."
"நீ ஏறி உட்காரும் வரை."
வாஸ்தவம். நெமோதோ தொண்ணூற்று நாலு,
இசோகாய் ஐம்பத்தெட்டு.
எண்பதில் முப்பத்தாறு அங்கேயே கழிந்துவிடும்.
மீதிக்காக ஒரு கல்யாண விருந்தில்
மீன் வருமுன் எழுந்து போனார்கள் இருவரும்,
எதிரெதிர் வாசல் வழியாக.

டிசம்பர், சனிக்கிழமை.
யுகியேவின் பட்டறையில் உருளைகள்மேல் ஏற்றினார்கள்.
பட்டை போட்டுக் கட்டிய கார்
நின்ற இடத்திலேயே இருநூறில் ஓடுவதைப்
பார்த்திருக்கிறீர்களா?
தகரக் கூரை அலறியது.
மேசையில் தேநீர்க் கோப்பை
தானாக நடந்துபோய் விழுந்தது.

ஸ்கைலைன் முந்நூற்றுப் பதினொன்று.
சுப்ரா இருநூற்று எழுபத்து நாலு.

இசோகாய் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.
பின்பக்கம் வெள்ளை.
"உருளையில் கோளாறு" என்றான்
ஜெயித்த நெமோதோ.
"மார்ச்சில்தான் சரிபார்த்தேன்" என்றாள் யுகியே.
"கோளாறுதான்" என்றான் மறுபடி,
அவளை முறைத்து.

வெளியே அதற்குள் முழங்கால் பனி.
இரண்டு காருக்கும் கோடைக்கால டயர்.
யுகியே தன் குட்டி லாரியின் சாவியை எறிந்தாள்.
சுபாரு சாம்பார்.
சிரிக்காதீர்கள், அங்கே அது கடமானின் பெயர்.
அறுநூற்று ஐம்பத்தெட்டு சிசி,
நாற்பத்தாறு குதிரை,
இரண்டே இருக்கை. அதில் ஒன்றரை நெமோதோவுக்கு.

ஷினானோ ஆற்றுப் பாலத்தில்
பனி வாரும் வண்டி பின்னால் வந்து ஹாரன் அடித்தது.
இசோகாய் இரண்டாவது கியரிலேயே உருட்டினான்.
"டர்போ குழாயில் எங்கோ கசிவு" என்றான்.
"இருக்கும்."
"அந்தக் காலத்து ரப்பர்."
"அதேதான்."
ஹீட்டர் வேலை செய்யவில்லை,
மூச்சில் கண்ணாடி மங்கியது.
நெமோதோ பையைத் துழாவி
முந்நூற்றுப் பதினொன்றை எடுத்துக் கசக்கி
இசோகாய் பக்கத்துக் கண்ணாடியை முதலில் துடைத்தான்.