எழுநூறு ரூபாய்க்குள்

நவீன சந்தையில் மூன்றாவது கடை.
கண்ணாடி அலுமாரிக்குள் நாலு சேவிங் பிறஸ்
தலைமயிர் சிலிர்த்தபடி நின்றன.
கையில் எழுநூறு ரூபாய்.
அதற்குள் பஸ் காசும் அடக்கம்.

நுரை டின் வாங்கலாம் என்றுதான் போனேன்.
ஆயிரத்து நானூற்றைம்பது என்றார் அருந்தவம்.
"மாசத்துக்கு ஒண்டு முடியும் அக்கா"
என்றதையும் மறைக்கவில்லை, நல்ல மனிசன்.
குகதாசனின் வலது கையில்
ஆறு கிழமைக்குப் பிளாஸ்டர்.
கோப்பாய்ச் சந்தியில் மாடு குறுக்கே வந்தது.
மாட்டுக்கு ஒன்றுமில்லை.
முகம் இனி என் பொறுப்பு.

எனக்குச் சேவ் எடுக்கத் தெரியாது.
ஆனால் பிறஸ் தெரியும்.
பதினொரு வருசமாய் அச்சகத்தில் பசை பூசுகிறேன்:
கலியாணக் காட், பில் புத்தகம்,
முப்பத்தோராம் நாள் கல்வெட்டு.
ஒருமுறை மட்டமான பிறஸ் ஒன்று மயிர் உதிர்த்து
அட்டைப் படத்தில், இறந்தவரின் கன்னத்தில்,
ஒட்டிக் காய்ந்துபோனது.
கனடாவிலிருந்து வந்த மகன்
நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அப்பா ஒருநாளும் சேவ் எடுக்காமல்
படலை தாண்டினதில்லை."
வேறொரு பிரதி கொடுத்தேன்.
இரண்டையும் கொண்டுபோனார்.

முதலாவது சிவப்புப் பிளாஸ்டிக், இருநூற்றெண்பது.
வேர்ப்பக்கம் பிடித்து மெல்ல இழுத்தேன்.
மூன்று மயிர் விரலோடு வந்தது.
"இழுத்தா எதுவும் வருந்தானே" என்றார்.
வராதது வேணும் என்றேன்.

இரண்டாவது வெல்வெட் பெட்டிக்குள்.
நான் விலை கேட்க முதலே மூடிவிட்டார்.
என் செருப்பைப் பார்த்திருக்க வேண்டும்.
"ஏதோ வெளிநாட்டு மிருகத்தின்ரை மயிர்.
டொக்டர்மார் வாங்கிறது."

மூன்றாவது நல்ல பிறஸ், பொய் சொல்லக்கூடாது.
அடர்த்தி இருந்தது,
அடியில் பசை ஒழுங்காய் இறங்கியிருந்தது.
அறுநூற்றைம்பது. பன்றி மயிர்.
என் ஆள் வெள்ளிக்கிழமை விரதகாரன்.
சொல்லாமல் பூசலாம்.
ஆனால் நனைந்தால் அது மணக்கும்,
அந்த மணத்துக்கு நான் என்ன பெயர் சொல்ல?

நாலாவது நைலோன், எழுநூற்றிருபது.
பெட்டி வெயிலில் வெளிறி, மூலை நசிந்திருந்தது.
கறுப்புக் கட்டைப் பிடி.
உள்ளங்கையில் அழுத்தினேன்,
விரிந்து, பிறகு தன்பாட்டில் எழும்பி நின்றது.
இழுத்தேன். ஒன்றும் வரவில்லை.
பிறகு, யோசிக்காமல்,
என் கன்னத்தில் வைத்துச் சுற்றினேன்.

கடைப் பெடியன் சிரிப்பை விழுங்கினான்.
அருந்தவம் றோட்டைப் பார்த்தார்.
எனக்கும் கூச்சந்தான்,
என்றாலும் கன்னம் கன்னந்தானே.
நாடிக்குக் கீழே கொஞ்சம் குத்தியது,
அவ்வளவுதான்.

"பெட்டி பழசு" என்றேன்.
"பெட்டியையோ பூசப் போறியள்?"
அறுநூறில் வந்து நின்றோம்.

எங்கள் கிணறு சவர்.
சவர்த் தண்ணியில் சவரம்:
சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது,
சவர்க்காரந்தான் ஒத்துவராது.
எவ்வளவு குழைத்தாலும் திரிந்த பால் மாதிரி.
பக்கத்து வீட்டு யசோவிடம்
வடிகட்டின தண்ணி அரைக் கிளாஸ் வாங்கி
காது உடைந்த கோப்பையில் சுற்றினேன்.
பசை கலக்கிற கை, கட்டி விடாது.
நுரை எழும்பியது.

கண்ணை மூடிக்கொண்டு நாடியைத் தந்தார்.
கழுத்துக் குழிக்குப் பக்கத்தில்
ஒரு பழைய தழும்பு.
பதினாலு வருசத்தில் நான் காணாதது.
கேட்கவில்லை.
நுரையால் மூடினேன்,
பிறகு பிளேட்டால் மெல்லத் திறந்தேன்.

"என்ன விலை?"
"நானூறு."
"கூட" என்றார், கண் திறக்காமல்.

அச்சகத்திலிருந்து கொண்டுவந்த கிளிப் ஒன்றில்
இப்போது தலைகீழாய்த் தொங்குகிறது
யன்னல் கம்பியில்.
காலையில் எழும்பினதும்
தொட்டுப் பார்க்கிறேன், காய்ந்துவிட்டதா என்று.
பிறகு குனிந்து
கீழே நிலத்தையும் பார்க்கிறேன்.
இன்றுவரை ஒரு மயிரும் இல்லை.