இல்லாத பிரேக்

ரோஸ் பஸ்ஸில் எனக்குக் காசில்லை.
இவருக்குப் பதினைந்து ரூபாய்.
துறைமுக கேட்டுக்கும் மணலிக்குமாக
டிரெய்லர் இழுக்கிற மனுஷர்
இருபது ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு
மீதி அஞ்சு ரூபாய்க்காகக்
கண்டக்டர் முகத்தையே பார்த்தபடி வந்தார்
தண்டையார்பேட்டை தாண்டும்வரை.

சிக்னல் விழுந்தால்
இவர் வலதுகால் தரையை அழுத்துகிறது.
மாடு குறுக்கே வந்தால் அழுத்துகிறது.
முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த கை
இறங்கிவந்து கியர் தேடுகிறது.
"ஓட்றவரு ஓட்டட்டும், விடு ஞானசீலா" என்றேன்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குப்
பின்சீட்டு மொத்தமும் என்னைப் பார்த்தது.

பூங்கா என்று யாரும் கத்தவில்லை.
"பம்ப் ஹவுஸ் எறங்கு" என்றார்கள்.
இறங்கினோம்.
வாகனங்கள் நிறுத்துமிடம் என்றொரு போர்டு,
அதன் நிழலில்
ஒரு நாய் மட்டும் நிறுத்தப்பட்டிருந்தது.

"சுத்தி வர எவ்ளோ?"
"நாலு கிலோமீட்டராம்."
"ஒண்ணேகால் லிட்டர் டீசல்" என்றார்,
வேட்டியை மடித்துக் கட்டினார்.

கரைமேல் ஒற்றையடிப் பாதை.
இரண்டு பக்கமும் என் தலைக்குமேல் சம்பு.
காற்று திரும்பினால் மணலியின் அழுகின முட்டை வாடை,
காற்று நின்றால் சேற்று வாடை.
ஒரே அடுப்படியில்
முகம் கொடுக்காமல் சமைக்கிற
ஓரகத்திகள் மாதிரி
ஒன்று போக ஒன்று வந்தது.

ஆகாயத்தாமரை மேல்
நீலத் தாழைக்கோழி ஒன்று
இப்போதுதான் கழுவிவிட்ட தரையில்
வைப்பதுபோல் வைத்தது காலை.
எடுத்தபோது விரல்கள் இவ்வளவு நீளம்.

வளைவு தாண்டி இவர் இடது செருப்பைச்
சேறு வாங்கிக்கொண்டது.
பதினொரு வருஷம் கிளட்ச் மிதித்த கால்.
நான் குனிந்து இழுத்தேன்,
வாய் நிறைய ஏதோ சொல்லிவிட்டுத்தான் விட்டது.
பிறகு வெறுங்காலோடு நடந்தார்.
வெயில் படாத வெளுத்த பாதங்கள்.
விடியுமுன் போய் இருட்டியபின் வருகிறவரின் பாதத்தைப்
பகலில் அன்றுதான் பார்த்தேன்.

சாம்பல் நாரை ஒன்று நின்றது.
நாங்கள் கொண்டுபோன எலுமிச்சஞ்சோறு தீர்ந்தது,
அது நின்றது.
தண்ணீர் பாட்டில் தீர்ந்தது,
நின்றது.
முக்கால் மணி நேரத்துக்கு ஒரு மீன்.
எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில்
மணிக்கு அறுபது காலர் தைக்காவிட்டால்
சூப்பர்வைசர் மரகதம் பேர் எழுதுவாள்.
நாரையை யாரும் எழுதவில்லை.

பார்வைக் கோபுரத்தில் ஏறினோம்.
சம்புக்கு அந்தப் பக்கம்
ரோடு.
நீலம், ஆரஞ்சு, துருச்சிவப்பு என்று பெட்டிகள்,
நகராத வரிசை.
உதட்டுக்குள் எண்ணினார்.
"நாப்பத்திமூணு வண்டி."

அப்புறம் விரலை நீட்டி,
"அந்த வேப்பமரம் தெரியுதா?
போன ஐப்பசியில
ரெண்டு ராத்திரி அங்கதான் நின்னேன்.
கேபின்லதான் ரசம் வச்சேன்."

"அப்ப இந்த இடம்?"

"எந்த இடம்?
அங்கேருந்து பாத்தா இங்க ஒண்ணுமில்ல.
இருட்டுதான்.
தவள கத்தும்.
கண்ணாடிய ஏத்திக்குவேன்."

சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
அந்த நாற்பத்துமூன்றில் யாராவது
இப்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருக்கலாம்.
நான் கையசைத்தேன்.
"யாருக்குடி?" என்றார்.
தெரியவில்லை, அசைத்தேன்.

திரும்புகிற பஸ் ஐந்தே முக்காலுக்கு என்றார்கள்,
ஆறரைக்கு வந்தது.
அதற்குள் எங்கள் கால்சேறு காய்ந்து
நடந்தால் உதிர்ந்தது.
"வண்டியக் கூட்டுறது யாரு?" என்றார் கண்டக்டர்.
மீதி அஞ்சு ரூபாயை இம்முறை
இவர் கேட்கவேயில்லை.

ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கினார்.
சத்தியமூர்த்தி நகர் தாண்டியிருக்கும்,
தூக்கத்திலேயே வலதுகால்
தரையை மிதித்தது.

பஸ் நின்றது.
எங்கள் நிறுத்தம் இல்லை அது.
யாரோ கூடையோடு ஏறினார்கள்.