புகைபோக்கியைச் சுற்றி

எண்ணூர்ப் புகைபோக்கியை நடுவில் வைத்து
இடப்பக்கமாக ஒரு வட்டம்.
கஜலட்சுமி கேட்டது அவ்வளவுதான்.
சாம்பல் குளத்தின் கரை உடைந்த இடம்
அவள் கேமராவுக்கு வேண்டும்.

கடற்காற்று இருபது நாட்.
புகை மணலிப் பக்கம் கைகாட்டிக்கொண்டிருந்தது.

முதல் சுற்றில்
இறக்கையை ஒரே சாய்வில் நிறுத்திவிட்டேன்.
விமானத்துக்குத் தெரிந்தவரை அது குறையில்லாத வட்டம்.
காற்றோடு காற்றாகப் போகிற எதற்கும்
காற்று அடிப்பது தெரியாது,
ரயில் பெட்டிக்குள் ஓடிப்பிடித்து விளையாடுகிற பிள்ளைக்கு
பேசின் பிரிட்ஜ் போனது தெரியாத மாதிரி.

"மேடம், குளம் எங்க போச்சு?"

குளம் இருந்த இடத்தில்தான் இருந்தது.
முழு வட்டமும் மேற்கே நகர்ந்து கிடந்தது.
அவள் படத்தில் விழுந்தது யாருடைய மொட்டைமாடியோ;
கொடியில் மூன்று நைட்டி,
மூன்றும் புகை போன பக்கமே.

அடுத்தது நிலத்தின் கணக்கு.
காற்று முதுகில் ஏறும்போது நன்றாகச் சாய்க்க வேண்டும்,
முகத்தில் வரும்போது கொஞ்சம் நிமிர்த்த வேண்டும்.
மேற்கு நோக்கித் திரும்பிய பாதியில்
தகரக் கூரைகள் தடதடவென்று பின்னால் ஓடின.
ரொம்ப வேகம், ரொம்ப வேகம் என்றது கண்.
கை தானாக எஞ்சினைக் குறைக்கப் போனது.

வேகமானியில் எண்பது.

கூரைகளை நம்பி இழுத்திருந்தால்
இவ்வளவு தாழ்வில், இந்தச் சாய்வில்...
கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டேன்.
கஜலட்சுமி லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள்.

கடலைப் பார்க்கத் திரும்பியதும்
முகத்துவாரத்தில் ஒரு ஃபைபர் படகு
எங்களுக்குக் கீழேயே வெகுநேரம் நின்றது.
"நின்னுட்டமா மேடம்?"
அதே எண்பதுதான் என்றேன்.
அவள் நம்பவில்லை.

ஆறு சுற்று.
கரை கிடைத்தது, உடைப்பு கிடைத்தது,
ஆற்றுக்குள் நுழைகிற சாம்பல் நிறமும்
நாக்கு மாதிரி தெளிவாக விழுந்திருந்தது.

இரவு எட்டு மணி. எண்ணூர் நெடுஞ்சாலை, ஸ்கூட்டி.
வலப்பக்கம் கடல்; காற்று இன்னும் ஓயவில்லை.
அதன் மேல் சாய்ந்துகொண்டே ஓட்டுகிறேன்,
சாய்வது தெரியாமல்.

வலப்பக்கமாக ஒரு கன்டெய்னர் லாரி முந்துகிறது.
நாற்பதடி நீளத்துக்குக் காற்றே இல்லை.
சாய்வு மட்டும் மிச்சமிருக்கிறது,
சக்கரங்களின் பக்கமாக.